கழண்ட கிளிப்

“கை மாட்டிக்கிச்சு!”

சத்தம் காருக்குள்ளிருந்து வந்தது. சத்தம் போட்டவனின் முகம் தெரியவில்லை. காரின் பின் சீட் கழற்றப்பட்டு வெளியே மண்ணில் சாய்ந்து கிடக்க, அது இருந்த இடத்தில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மீதி ஆள் டிக்கியின் இருட்டுக்குள்.

“இழுக்காதீங்க தம்பி! இழுத்தா கை வந்துடும், தோல் அங்கயே தங்கிடும்!” என்று கத்தினார் இடுக்கி.

வாசலில் நின்ற லாரி இன்னொரு முறை ஹாரன் அடித்தது.

இடுக்கி என்பது பட்டறைத் தெருவில் மெக்கானிக்குக்கு வைத்த பெயர். ஒல்லி உடம்பு, அதைவிட ஒல்லியான கை. எந்த என்ஜினின் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்து, விழுந்த நட்டைக் கவ்விக்கொண்டு வரும் கை. அவர் பையிலிருந்து சாமானை எடுத்து வைப்பதற்குள் வீட்டுக்காரன் பொறுமை இல்லாமல் தன் கையை விட்டுவிட்டான். அது ஆபீஸ் நாற்காலியில் ஊறிய கை. போன வழியில் திரும்பவில்லை.

“டார்ச் அடிங்க யாராவது!”

மாட்டிக்கொண்டவனின் தங்கை அடித்தாள். வெளிச்சம் கார்க் கூரையில் விழுந்தது, அண்ணனின் முதுகில் விழுந்தது, வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது.

“இங்க குடு.”

அம்மா வந்திருந்தாள். சமையலறை ஈரம் காயாத கை. டார்ச்சை வாங்கி, கார்க் கதவோரம் ஒரு முழங்காலை ஊன்றி, மகனின் தோளுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கோணத்தில் பிடித்தாள். வெளிச்சம் நேராகப் போய்க் கொண்டியின் மேல் நின்றது.

“அப்படியே வெச்சுக்கங்கம்மா,” என்றார் இடுக்கி. தானும் உள்ளே பாதி நுழைந்து, மாட்டியிருந்த மணிக்கட்டைச் சுற்றி கிரீஸ் தடவி, காரைச் செய்தவனின் பரம்பரையை ஒரு முறை விசாரித்துவிட்டு, கையைத் திருகி விடுவித்தார்.

அண்ணன் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தான். மணிக்கட்டில் ரத்தம் கோடு போட்டிருந்தது. அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

“வலிக்குதா?” என்றாள் அம்மா.

“தெரியல.”

அப்பா போனதிலிருந்து அவன் சொல்லும் பதில் அது ஒன்றுதான். பசிக்குதா? தெரியல. தூங்கினியா? தெரியல. வந்தவர்களெல்லாம் அழுது, சாப்பிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகும் அந்த வீட்டில் யாரும் சரியாக அழவில்லை. காற்று நின்றுபோன நாள்கள். கொடியில் போட்ட துணி ஆடவில்லை. பகல் பூராவும் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

கூடத்தில் வாசற்படியை ஒட்டி அப்பாவின் பெட்டி நின்றுகொண்டிருந்தது. அவர் போன அன்றைக்கு வெளியிலிருந்து எடுத்து வந்து வைத்த இடம். யாரும் அதை உள்ளே கொண்டுபோகவில்லை. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

லாரி டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பெருத்த மனிதர்.

“என்ன சார், காரை ஏத்தணுமா, உங்களை ஏத்தணுமா? நான் இன்னும் ரெண்டு இடம் போகணும்.”

“கொஞ்சம் பொறுங்க. டிக்கி திறந்ததும் ஏத்திடலாம்.”

“திறக்கலேன்னா என்ன? எங்க ஐயாகிட்ட வர்ற பழைய வண்டியில பாதிக்குக் கதவே திறக்காது. கட்டிங் மிஷின் வெச்சு வெட்டி, வெல்டு வெச்சு, பெயின்ட் அடிச்சு, பொண்ணு மாதிரி நிறுத்திடுவாரு.”

“வெட்டக் கூடாது,” என்றான் அண்ணன்.

“அப்படியே எடுத்துட்டுப் போகட்டுமே,” என்றாள் அம்மா. காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காரை அனுப்பிவிடலாம் என்றதும் அவள்தான். பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் தன் கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். இனி அது என் கண்ணில் பட வேண்டாம் என்றாள். மகன் சரி என்றான். ஆனால் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று நின்றுவிட்டான்.

தங்கை அம்மாவின் பக்கம் திரும்பினாள். “இனிமே பார்த்து என்ன ஆகப் போகுதுன்னு கேளும்மா அந்த ஆளை.”

அந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான்.

“எது போச்சுன்னு தெரியணும்னு சொல்லும்மா,” என்றான்.

அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள். “டீ போடறேன்,” என்று உள்ளே போனாள்.

கார் தாத்தாவினுடையது. தாத்தாவுக்குப் பிறகு அப்பாவுக்கு வந்தது, அப்பாவுக்குப் பிறகு இவனுக்கு. கறுப்பு உடம்பு, உருண்ட முதுகு, தவளை போல வெளியே துருத்திய விளக்குகள். அப்பாவுக்கு ஒரு பெயின்ட் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. டிக்கி நிறைய சாம்பிள் டப்பாக்கள், அதன் மேல் துணிப்பெட்டி. பெட்டியை வைப்பார், மூடியை இரண்டு கையாலும் அழுத்துவார், டொக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் பயணம். ஒரு தடவை டிக்கிக்குப் பெயின்ட் பூசக் கொடுத்திருந்தபோது அவசர வேலைக்குக்கூடப் பஸ்ஸில் போனாரே தவிர, பெட்டியைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பவில்லை. காரின் சின்னக் கோளாறு பெரிய கோளாறு எல்லாவற்றையும் அவரே பார்ப்பார். யாரும் தொடக் கூடாது.

பிறகு அவருக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் ஆட்களின் பெயர், அப்புறம் சாப்பிட்டது, அப்புறம் வீடு. சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்” என்பார். ஒரு நாள் விடிவதற்கு முன் பெட்டியோடு காரை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். நெடுஞ்சாலையில் தவறான பக்கத்தில் ஓட்டி, எதிரே வந்த வண்டிகளெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட, எங்கோ ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, “எங்க வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கிறார். பங்குக்காரர் நல்லவர், உட்கார வைத்து போன் செய்தார்.

சாவியை ஒளித்து வைத்தார்கள். அது இன்னும் மோசம். திருடன் வந்துவிட்டான் என்று கூச்சல், தடுக்கப் போன அம்மாவின் மேல் கை. அம்மாவின் கன்னத்தில் வீக்கம் வடிய நாளாயிற்று. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் டிக்கி மக்கர் செய்தது. கைப்பிடியைத் திருகினால் சும்மா சுற்றும். மூடி அசையாது.

“இப்ப சுத்திப் பாருங்க,” என்று உள்ளிருந்து இடுக்கியின் குரல் வந்தது. இந்தத் தடவை நீட்டிக்கொண்டிருந்தவை அவருடைய கால்கள்.

அண்ணன் பின்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினான். “சும்மாதான் சுத்துது அண்ணே.”

“சுத்தும் சுத்தும். உள்ள ஒண்ணும் பிடிக்கலியே. நம்ம பேச்சு வீட்டுல எடுபடற மாதிரிதான்.”

“எது போயிருக்கு? கொண்டியா?”

“இருங்க தம்பி. டாக்டர் வயித்தைத் தடவிப் பார்க்கறதுக்குள்ள ஆபரேஷனான்னு கேட்டா எப்படி?”

அண்ணன் குனிந்து கார்க் கதவுக்குள் தலையை விட்டான். குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, பெரிய வேலைதானே? ஒரு நாள்ல முடியற வேலை இல்லைல்ல?”

இடுக்கி உள்ளே தடவிக்கொண்டே இருந்தார். எதற்குக் கேட்கிறான் என்று அவருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்.

அப்பா தினமும் காலையில் குளித்து, சட்டையை மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் போவார். கைப்பிடியைச் சுற்றுவார். திறக்காது. மறுபடி சுற்றுவார். சமையலறை ஜன்னலுக்கு நேரே காரின் பின்பக்கம். கார் நிற்கும் கொட்டகையின் நிழல் முன்பாதியோடு சரி, டிக்கி எப்போதும் வெயிலில். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, “பெட்டி வைக்காம எப்படிக் கிளம்பறது? நாளைக்குப் போலாம்” என்று பெட்டியோடு உள்ளே வந்துவிடுவார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. உட்கார்ந்து சாப்பிடுவார். மறுநாள் காலை மறுபடி குளித்து, சட்டை மாட்டி, பெட்டி.

மகனைப் பார்க்கும்போது மட்டும் கேட்பார். பல நேரம் அவன் யார் என்றே தெரியாமல், மெக்கானிக் என்று நினைத்துக்கூடக் கேட்பார். “டிக்கியைக் கொஞ்சம் பாருப்பா.”

“ஞாயித்துக்கிழமை பார்க்கறேன்பா.”

ஞாயிற்றுக்கிழமை வரும். வார அசதி இருக்கும், பேப்பர் இருக்கும், மதியத் தூக்கம் இருக்கும். அடுத்த ஞாயிறும் வரும்.

அப்படி ஒரு நாள் அப்பா உள்ளே வரவில்லை. அண்ணன் ஆபீஸில் இருந்தான். அம்மா வீட்டின் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட தங்கை மதியம் வந்தபோது, அப்பா காருக்குப் பின்னால் முழங்காலிட்டு, நெற்றியை டிக்கியில் சாய்த்து, கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தார். கூப்பிட்டாள். தொட்டாள். தகரம் எப்படிச் சுட்டதோ அப்படியே உடம்பும் சுட்டது. எவ்வளவு நேரம் அங்கேயே நின்று சுற்றினாரோ, யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை அண்ணன் ஓடி வந்தபோது தங்கை அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். “ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கலியா உனக்கு?” அதற்குப் பிறகு நேராக ஒரு வார்த்தை இல்லை.

அம்மா டீ கொண்டு வந்தாள். தம்ளர்களோடு சர்க்கரைப் பாக்கெட்டும் தட்டில் இருந்தது. டிரைவருக்கு இனிப்புத் தூக்கலாக வேண்டும் என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தாள். அந்தச் சமையலறையில் டப்பா என்று எதுவும் மிச்சம் இல்லை. அப்பா சாம்பிள் டப்பா என்று நினைத்து எங்கெங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார். எல்லாம் பாக்கெட்டில்தான். டீத்தூளுக்கு ரப்பர் பேண்ட், பருப்புக்குக் கொடியில் மாட்டும் கிளிப், சர்க்கரைக்கு ஒரு வளைந்த கம்பிக் கிளிப்.

டிரைவர் அந்தக் கம்பிக் கிளிப்பை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டார். தம்ளரில் சர்க்கரையைத் தாராளமாகச் சரித்து, பாக்கெட்டின் வாயை மடித்து, கிளிப்பைத் திரும்ப மாட்டினார்.

“உங்களுக்கு சர்க்கரை இருக்கான்னு டாக்டர்கிட்ட பார்த்தீங்களா?” என்றார் இடுக்கி, காருக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி.

“பார்த்தேனே. நிறைய இருக்குன்னாரு.”

“அப்புறம் எதுக்கு இன்னும் போட்டுக்கறீங்க?”

“தீர்ந்துடக் கூடாதுல்ல.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அண்ணன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“ஆமா, கேக்கணும்னு நினைச்சேன்,” என்றார் டிரைவர். “வாசல்ல நிக்குதே ஒரு பெட்டி, அதுவும் வண்டியோட வருதா?”

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். டிரைவர் டீயைக் குடித்து முடித்து, தம்ளரை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, பலகை போடுகிறேன் என்று லாரிப் பக்கம் போனார்.

இடுக்கி நீள ஸ்குரூ டிரைவரோடு மறுபடி உள்ளே ஊர்ந்தார். அம்மாவைக் கூப்பிட்டார். “அம்மா, வெளிச்சம். நீங்க பிடிச்சாத்தான் சரியா வருது. எங்க பழகினீங்க?”

“இந்த வண்டிக்கு அவர் பண்ணின ரிப்பேருக்கெல்லாம் டார்ச் பிடிச்சது நான்தானே,” என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“தெரியுது. கொஞ்சம் கீழ... ஆங். தம்பி, பின்னாடி போய் மூடியை அமுக்குங்க. நல்லா அமுக்குங்க. நான் சொல்லும்போது விடணும். இப்ப விடுங்க!”

ஒரு கிறீச். மூடி விருட்டென்று மேலே எழுந்தது.

மூன்று பேரும் காருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். உள்ளே அடைந்திருந்த சூடு முகத்தில் அடித்தது. டர்பன்டைன் வாசனை லேசாக.

ஸ்டெப்னி சக்கரம். துணியில் சுற்றிய ஜாக்கி. தரையில் விரித்த பழைய பேப்பர், மடிப்புக் கலையாமல். வேறு எதுவும் இல்லை. பெருக்கித் துடைத்தது போலச் சுத்தம்.

“ஒண்ணுமே இல்லியே,” என்றாள் தங்கை. என்ன இருக்கும் என்று நினைத்தாளோ.

இடுக்கி மறுபக்கமாகச் சுற்றி வந்தார். உயர்ந்து நின்ற மூடியின் உள்பக்கத்தைத் தடவினார். கைப்பிடியிலிருந்து வரும் சின்னக் கை, அதிலிருந்து கொண்டிக்குப் போக வேண்டிய கம்பி. கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் அதை ஆட்டினார். திரும்பி அண்ணனைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடியையே பார்த்தார்.

“சொல்லுங்கண்ணே.”

“கொண்டி நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

“இந்தக் கம்பியை இந்த ஓட்டையில விட்டு, வெளிய வராம இருக்க ஒரு கிளிப் போட்டிருப்பாங்க. அது கழண்டு போச்சு. கம்பி நழுவிடுச்சு. அவ்ளோதான்.”

“அவ்ளோதான்னா... எவ்ளோ வேலை?”

இடுக்கி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தார்.

“ஒரு டீ குடிக்கிற வேலை தம்பி.”

அண்ணன் தலையாட்டினான். புரிந்தது என்கிற தலையாட்டல். ஆட்டத்தை நிறுத்த மறந்தவன் போல ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“ஒரு கிளிப்பா?” தங்கை இப்போது நேராக அவனைப் பார்த்தாள். “ஒரு கிளிப்பாடா அண்ணா? ஒரு கிளிப் மாட்டத்தான் உனக்கு நேரம் இல்லியா?”

“சும்மா இரும்மா. கழண்டு விழறதுக்கு தம்பி என்ன பண்ணுவாரு,” என்றார் இடுக்கி. “இங்கதான் எங்கயாவது கிடக்கும், தேடுங்க முதல்ல.”

தேடினார்கள். ஸ்டெப்னியைத் தூக்கினார்கள். ஜாக்கியைப் பிரித்தார்கள். பேப்பரை எடுத்து உதறினார்கள். மூலைகளில் இடுக்கியின் விரல்கள் புகுந்து புறப்பட்டன. இல்லை.

“இது என்ன கூத்து?” இடுக்கி நிமிர்ந்தார். “மூடின டிக்கிக்குள்ள கழண்டு விழுந்த கிளிப், மூடின டிக்கிக்குள்ளதானே கிடக்கணும்? தரையில ஒரு ஓட்டை உண்டா? இல்ல. பின்ன, றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?”

“விடுங்கண்ணே,” என்றான் அண்ணன். “வேற ஏதாவது கம்பி போட்டுக் கட்டுங்க. அது எங்க போனா என்ன. அவ கேக்கறது சரிதான். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். நான்தான் பண்ணல.”

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தங்கை தாங்கியிருப்பாள். பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று யாரோ கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னான். “நான் பண்ணல. வெயில்ல நின்னு சுத்திச் சுத்தியே போயிட்டாரு. என்னாலதான்.”

“அண்ணா,” என்றாள் தங்கை. வேறு குரல். “விடு. நான் ஏதோ...”

“இல்ல, சரிதான்.”

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டார்ச்சைக் காரின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகாமல், அதைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டுப் போனதைத் தங்கை பார்த்தாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் சர்க்கரைப் பாக்கெட் இருந்தது. வாய் திறந்து, ஒரு பக்கம் சரிந்து, நடக்க நடக்க மண்ணில் வெள்ளையாகக் கோடு விழுந்துகொண்டே வந்தது. அவள் கவனிக்கவில்லை. இன்னொரு கையை இடுக்கியிடம் நீட்டினாள்.

“இது சரியா இருக்குமா பாருங்க.”

இடுக்கி அந்தக் கம்பிக் கிளிப்பை வாங்கி, ஒட்டியிருந்த சர்க்கரையை ஊதிவிட்டு, கம்பியை ஓட்டையில் நுழைத்து மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடியைச் சுற்றினார். கொண்டி நாக்கை நீட்டி மடக்கியது. மூடியைக் கீழே இறக்கி இரண்டு கையாலும் அழுத்தினார்.

டொக்.

அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்டு வெகு நாளாயிற்று.

கைப்பிடியைத் திருகினார். மூடி திறந்தது. மறுபடி மூடினார். டொக்.

“அசலே இதுதான்மா!” இடுக்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நான் டிக்கியைப் பூரா சல்லடை போட்டுத் தேடறேன், இது சர்க்கரையைக் காவல் காத்துக்கிட்டு இருக்கு! எங்கம்மா கிடந்துச்சு? கழண்டு எங்க விழுந்துச்சு?”

“கழண்டு விழல,” என்றாள் அம்மா.

இடுக்கியின் கை மூடியின் மேலேயே நின்றது.

“கழட்டினது. எங்கயாவது ஒளிச்சு வெச்சா நானும் மறந்துடுவேன்னு சர்க்கரைக்கு மாட்டி வெச்சேன். தினமும் கையில படும்ல.”

அண்ணனின் தலையாட்டம் நின்றது. தங்கை, “அம்மா...” என்றாள்.

வாசலில் டிரைவர் பலகையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அம்மா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னலைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் துணி அலசல. அங்கதான் நின்னுட்டு இருந்தேன். சுத்திட்டே இருந்தாரு. தினமும் உள்ள வந்துடுவாரே, இப்ப வந்துடுவாரு, இப்ப வந்துடுவாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் முட்டி போட்டாரு. கீழ குனிஞ்சு ஏதோ பார்க்கறாருன்னு நினைச்சேன்.”

சர்க்கரைப் பாக்கெட்டின் வாயை மடித்தாள். மாட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை. மடித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மத்தியானம் நீ வந்து வாசல் கேட்டைத் திறக்கற சத்தம் கேக்கற வரைக்கும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”